ஊதா வரைபடம்

திண்டிவனம் பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றபோது அந்த மெயில் வந்தது. மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைத் தாக்கும் துருநோய்ப் பூஞ்சையின் மரபணுக்களைக் கம்ப்யூட்டரில் அலசி நான் எழுதிய ஆய்வுக் கட்டுரையைப் பத்திரிகை நிராகரித்திருந்தது.

"ஜெர்மனி போச்சு அருண். இது வெளிவந்தாதான் அங்க லேப்ல ரெண்டு வருஷ வேலைக்கு எடுத்துக்கறோம்னாங்க."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அருண் எனக்கு நிச்சயமானவன். என்னைப் போலவே கணினி உயிரியலில் பிஎச்.டி. செய்கிறான், வேறு கல்லூரியில்.

"யாரோ ஒருத்தன் படிச்சிட்டு வேணாம்னு எழுதிட்டான். பேரு கூடத் தெரியாது. நீயும் உன் கைடுகிட்ட கருத்துக் கேட்டுப் பத்திரிகைங்க அனுப்பற பேப்பருக்கெல்லாம் அவருக்குப் பதிலா இப்படித்தானே எழுதித் தர்றே? முழுசாப் படிப்பியா?" என்று கேட்டேன்.

"எங்க படிக்கிறது? வேலை பேஜாரா இருந்தா மேலோட்டமா பாத்துட்டு அனுப்பிடுவேன். அதையே நெனச்சிக்கினு இருக்காத மெர்லின்." என் கையைப் பிடித்துக்கொண்டான். "கல்யாணத்தை இனி தள்ளிப்போட வேணாம். மே மாசமே வச்சிக்கலாம். உங்கப்பாகிட்ட நானே பேசறேன்."

நான் அழுதேன்.

"அழாத. அந்த ஊதாவும் மஞ்சளுமா இருக்கிற வரைபடத்தைப் பாத்தும் வேணாம்னு சொல்லிக்கிறான் பாரு, அவனுக்கு என்ன தெரியும்?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அருணிடம் நான் காட்டியது சிவப்பும் பச்சையுமான வரைபடம். நிறக்குருடு உள்ளவர்களுக்கும் புரியட்டும் என்று, கட்டுரையை அனுப்புவதற்குச் சற்று முன்புதான் நிறத்தை மாற்றினேன். அதற்குப் பிறகு அதைப் பார்த்தவர்கள் என் கைடும், வேண்டாம் என்று எழுதியவனும்தான்.

கையை விடுவித்துக்கொண்டேன்.

"முழுசாத்தான் படிச்சிருக்க, அருண்."