ஒற்றை ஸ்டார்

காபியில் உப்பு!

ஒரு வாய் குடித்த செந்தமிழ்செல்வன் அதை ஜன்னல் வழியே துப்பிவிட்டு, மாடிப்படி அதிர இறங்கி வந்தான். கீழே வீட்டுக்காரி தில்லையம்மாள் மணக்க மணக்க இன்னொரு காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, இது காபியா, கடல் தண்ணியா?"

"பிடிக்கலன்னா விட்டுடுங்க" என்றாள் அவள், தலையைக்கூட நிமிர்த்தாமல். ஆற்றிய காபியைக் கீழ் ரூமில் தங்கியிருந்த கொளஞ்சியப்பனிடம் சிரித்த முகமாக நீட்டினாள்.

செந்தமிழ்செல்வனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரத்தில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. திண்டிவனத்தில் உட்கார்ந்தபடியே ஒரு புக்கிங் சைட்டில் இந்த வீட்டு மாடியைப் பிடித்து, மாமனார் குடும்பத்தையே ஜம்பமாகக் கூட்டி வந்திருந்தான். "எல்லாம் நான் பாத்துக்கறேன் மாமா, நீங்க சும்மா வந்தாப் போதும்" என்று சொன்ன வாய் அது.

வந்து பார்த்தால் ஃபேன் சுற்றவில்லை. குழாயைத் திறந்தால் காற்று வந்தது. போர்வை கேட்டால் "தொவைக்கப் போட்டிருக்கு" என்று பதில் வந்தது. அந்த மாடியில் ஒழுங்காக வேலை செய்தது வைஃபை ஒன்றுதான். அதன் பாஸ்வேர்டை மட்டும் யாரும் கேட்காமலே கதவில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள் புண்ணியவதி.

எரிகிற நெருப்பில் மச்சான் அரவிந்தன் எண்ணெய் ஊற்றினான். "மாமா, கீழ் ரூம்காரரு நேரா போன்ல பேசித்தான் வந்தாராம். ஆயிரத்தைநூறுதானாம். நீங்க எவ்ளோ கட்டினீங்க?"

செந்தமிழ்செல்வன் ஓடாத ஃபேனின் ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தான். கட்டியது ஆறாயிரம். மனைவி சத்யப்பிரியாதான் போட்டு உடைத்தாள்.

"மாப்பிள்ள கை தாராளம்தான்" என்றார் மாமனார், கடை இட்லியைப் பிட்டுக்கொண்டே. சத்யப்பிரியா சுவரைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் அவனைச் சுட்டது. திரும்பவும் படி அதிர இறங்கினான்.

"ஒரே வீடு, ஒரே அளவு ரூமு. அவுங்களுக்கு ஒரு ரேட்டு, எங்களுக்கு ஒரு ரேட்டா? பகல் கொள்ளையால்ல இருக்கு!"

"காச எங்க கட்டினீங்களோ அங்க போயி கேளுங்க."

"ரிவ்யூல எழுதி நாறடிச்சிடுவேன், தெரியும்ல?"

"எழுதுங்களேன். யாரு உங்க கையப் புடிச்சா?"

திமிரைப் பாருங்கள்! மாடிக்கு ஓடிப்போய் ஃபோனை எடுத்தான். உப்புக் காபி, ஓடாத ஃபேன், மரியாதை தெரியாத வீட்டுக்காரி, அடித்த கொள்ளை என்று ஒன்று விடாமல் வெளுத்து வாங்கினான். இல்லாத எலி ஒன்றையும் சேர்த்துக்கொண்டான். ஐந்துக்கு ஒற்றை ஸ்டாரைக் குத்தி அனுப்பிய பிறகுதான் அவனுக்கு மூச்சு சீரானது.

"இனிமே ஒருத்தன் இந்தப் படி ஏறக் கூடாது மச்சான். ஏறினா என் பேர மாத்திக்கறேன்."

தேரோட்டத்தில் அவ்வளவு கூட்டத்துக்கு நடுவிலும் அவன் மனசு அந்த ஒற்றை ஸ்டாரையே சுற்றிச் சுற்றி வந்தது. சாமி கும்பிடும்போதுகூட, அந்தப் பொம்பளைக்கு நல்ல பாடம் கிடைக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டான்.

மதியம் திரும்பியபோது, தில்லையம்மாள் ஃபோனும் கையுமாக வாசலிலேயே நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்கதான் எழுதினீங்களா தம்பி? புகாருக்கு மேல புகாரு வருதுன்னு எங்க வீட்ட சைட்லேருந்தே தூக்கிட்டாங்க. இப்பதான் மெசேஜ் வந்துச்சு."

செந்தமிழ்செல்வனுக்கு வயிறு குளிர்ந்தது. மாமனார் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். "நல்லா வேணும்! ஆறாயிரம் வாங்கும்போது மட்டும் இனிச்சிச்சில்ல?"

"அந்த ஆறாயிரத்துல எங்க கைக்கு வந்தது ஆயிரத்தைநூறுதான் தம்பி. மீதிய நடுவுல இருக்கற சைட்காரன் முழுங்கிட்டான். எவ்ளோ ஏத்தி விக்கிறான்னு உங்ககிட்டயும் சொல்றதில்ல, எங்ககிட்டயும் சொல்றதில்ல. போன மாசம் ஒரு பெரியவரு, 'கொள்ளைக்காரி, நீ உருப்படுவியா'ன்னு வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டுப் போனாரு. நான் கண்ணால பாக்காத காசுக்கு!"

செந்தமிழ்செல்வனுக்கு முகம் செத்துவிட்டது. எவனுக்கோ விழ வேண்டிய அடியை இந்த அம்மாளின் முதுகில் போட்டுவிட்டானே! அந்த எலி வேறு நெஞ்சைக் குடைந்தது.

"மன்னிச்சிடுங்கம்மா, ஆத்திரத்துல பண்ணிட்டேன். இருங்க, இப்பவே அத அழிச்சிட்டு அஞ்சு ஸ்டார் போட்டுடறேன். கம்பெனிக்கும் எழுதறேன், உங்க வீட்ட திரும்ப சேத்துக்குவாங்க."

ஃபோனை எடுத்தவனின் கையைத் தில்லையம்மாள் பாய்ந்து பிடித்தாள்.

"ஐயையோ, அழிச்சிடாதீங்க தம்பி! நாங்களா விலக முடியாதபடி அக்ரிமென்ட்ல கையெழுத்து வாங்கிட்டான், அவனே எங்கள வெரட்டட்டும்னுதான் சைட்ல வர்றவுங்கள ஒருத்தர் விடாம படுத்தி எடுத்தேன்!"