வெயிலில் ஏறிய தண்ணீர்

"மூட்டையை எடும்மா. வடிகாலை அடைச்சு வெச்சா தண்ணி எப்படிப் போகும்?"

ஆலோசகரின் குரலில் கண்டிப்பு இருந்தது. மழைநீர் வடிகாலை எப்படி அமைப்பது, எப்படிப் பராமரிப்பது என்று நகராட்சிகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அந்த அம்மாவின் வேலை. இந்த ஊருக்கு வந்ததும் அதற்காகத்தான். வந்த இடத்தில், ஒருத்தி முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு வடிகால் வாயில் மணல் மூட்டையைத் திணித்தால் கோபம் வராதா?

"பாத்தீங்களா மேடம்? இதுக்குத்தான் உங்களை இந்தப் பக்கம் கூட்டிட்டு வரவே யோசிச்சேன்," என்றார் கூட வந்த நகராட்சிப் பொறியாளர். "நாம என்ன செஞ்சாலும் இவங்க திருந்த மாட்டாங்க. நீங்க தங்கியிருக்கிற தெரு எப்படி இருக்கு, இது எப்படி இருக்கு?"

உண்மைதான். விடிய விடியக் கொட்டிய மழைக்கு விருந்தினர் மாளிகைத் தெருவில் ஒரு சொட்டு தேங்கவில்லை. காலையில் ஒரு நடை நடந்து பார்த்த ஆலோசகருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

ஒன்றே ஒன்றுதான் உறுத்தியது. அவ்வளவு மழைக்குப் பிறகும் இரும்பு மூடிக்கு அடியில் தண்ணீர் ஓடும் சத்தமே இல்லை. குனிந்து காதை வைத்துக்கூடப் பார்த்தார். பூட்டிய வீட்டுக் கதவில் காது வைத்தது போலிருந்தது.

"நம்ம வடிகால் அப்படி மேடம். வந்த தண்ணியை வந்த சுவடு தெரியாம அனுப்பிடும்," என்று பொறியாளர் சிரித்தார். ஆலோசகரும் நம்பிவிட்டார். தான் சொல்லிக்கொடுத்த பாடம் பலித்துவிட்டது என்றால் யார்தான் குடைந்து குடைந்து கேள்வி கேட்பார்கள்?

இந்தப் பள்ளத் தெருவிலோ எல்லாம் தலைகீழ். மழை எப்போதோ விட்டுவிட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனாலும் தண்ணீர் வடியவில்லை. உற்றுப் பார்த்தால், சத்தம் போடாமல் ஏறிக்கொண்டிருந்தது.

தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. கதவுகளெல்லாம் திறந்து கிடந்தன. உள்ளே இருட்டு. "வீட்டுல யாரும் இல்லையா?" என்று கேட்க வாயெடுத்த ஆலோசகர், எதிர் வீட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

கதவுக்கும் மேலே, காற்றுக்காக விட்டிருந்த கம்பிச் சந்தில், கூரையை ஒட்டி ஒரு முகம். பக்கத்து வீட்டிலும் ஒரு முகம். அதற்கடுத்த வீட்டில் இரண்டு மூன்று. தெரு நெடுக, ஆள் உயரத்துக்கு மேலே வெறும் முகங்கள். எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.



"கட்டில் மேல கட்டில் போட்டு உக்காந்திருக்காங்கம்மா," என்றாள் மூட்டைக்காரி. "தண்ணி எப்ப வேணா உள்ள ஏறிடும், கீழ இருக்க முடியல."

"அதுக்குத்தான் சொல்றேன், மூட்டையை எடுன்னு."

அவள் ஒரு கணம் ஆலோசகரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து மூட்டையை இழுத்தாள்.

வடிகால் முதலில் மூச்சு விட்டது. குமிழி குமிழியாக, நாற்றம் பிடித்த நீளமான மூச்சு. பிறகு அடியிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கொப்பளித்து எழுந்தது. படியேறியது. யாரோ உள்ளே கூப்பிட்டதுபோல் வீட்டுக்குள் நுழைந்தது.

உள்ளே, கூரைக்குக் கீழே, ஒரு பெண் முனகினாள்.

"என் பொண்ணு," என்றபடி மூட்டைக்காரி அவசர அவசரமாக மூட்டையைத் திரும்பத் திணித்தாள். "நெறமாசம். ரெண்டு கட்டில் உசரத்துல ஏத்தி வெச்சிருக்கேன். வலி வந்தா எப்படி இறக்குவேன்னு தெரியல."

ஆலோசகர் பொறியாளர் பக்கம் திரும்பினார். "மழைதான் விட்டாச்சே. இந்தத் தண்ணி எங்கேருந்து சார் வருது?"

"நிலத்தடி ஊத்தா இருக்கும் மேடம்," பொறியாளர் மென்று விழுங்கினார். "போலாமா? சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு."

மூட்டைக்காரி குறுக்கே வந்து நின்றாள். "அம்மா, உங்களுக்கு இங்க வேலை எப்ப முடியும்?"

ஆலோசகருக்கு மனசு இளகிவிட்டது. எத்தனையோ ஊரில் பாடம் நடத்தியிருக்கிறார். இருக்கச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.

"நாளைக்கு முடியுது. ஆனா இதைப் பாத்துட்டு அப்படியே விட்டுட்டுப் போக எனக்கு மனசு வரலை. கவலைப்படாதே, உங்க தெருவுக்கு ஒரு வழி பண்ற வரைக்கும் இன்னும் ஒரு வாரம் இங்கேயே தங்கறேன். போதுமா?"

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மேலே, கம்பிச் சந்துகளில் இருந்த முகங்கள் ஒவ்வொன்றாக இருட்டுக்குள் பின்வாங்கின.

"வேணாம்மா." ஈரக் கையால் ஆலோசகரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மாளிகையில பெரியவங்க யாரு வந்து தங்கினாலும், அந்தத் தெரு நனையக்கூடாதுன்னு அங்க வடிகால் ஷட்டரை இறக்கி ஊர்த்தண்ணி மொத்தத்தையும் இந்தப் பக்கம் திருப்பி விட்டுடுவாங்க. அவங்க ஊருக்குக் கிளம்பினாத்தான் திறப்பாங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும், இன்னைக்கே கிளம்பிடுங்கம்மா. நான் என் பொண்ணைக் கீழ இறக்கணும்."