கும்மிக்குப் போன நேரம்

மூன்றாவது அடியில் அவள் மறுபடியும் தவறினாள்.

வட்டம் உள்ளே போனபோது அவள் வெளியே வந்தாள். பக்கத்தில் ஆடியவளின் தோளில் இடித்தாள்.

பதினோரு நாளாக இதேதான்.

பள்ளிக்கூட மைதானத்தில் நாற்பது பெண்கள். மாரியம்மன் பொங்கலுக்கு வள்ளி கும்மி அரங்கேற்றம். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆசிரியர் மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்தால் ஏழு வரை ஆட்டம். வட்டத்தில் வயதில் மூத்தவள் அவள்தான். ஐம்பத்தெட்டு. உடம்பும் பெரியது.

பக்கத்து வீட்டு மரகதம்தான் இழுத்துக்கொண்டு வந்தாள்.

"நாலு வருசமா அந்த ரூமுக்குள்ளயே கெடக்கறீங்க, துளசிக்கா. ஒரு மணி நேரம் வந்து போங்க. அண்ணன் தூங்கற நேரந்தான?"

வந்தாள். படுக்கையில் கிடக்கும் கணவருக்குக் கஞ்சி கொடுத்து, துணி மாற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு நாளும், நாளைக்கு வரக்கூடாது என்று நினைத்தபடியேதான் ஆடினாள்.

கல்யாணமான வருடம், இதே கோயில் திருவிழா. பெண்கள் கும்மியடித்தார்கள். அவளும் போய்ச் சேர்ந்துகொண்டாள். இரண்டு சுற்றுகூட ஆகியிருக்காது. ஆண்கள் கூட்டத்திலிருந்து அவள் கணவர் சென்னியப்பன் உரக்கச் சொன்னார்:

"எரும சேத்துல எறங்குன மாதிரி இருக்குது, பாருங்கடா."

எல்லோரும் சிரித்தார்கள்.

அவர் கெட்டவரில்லை. நாலு பேர் சிரிக்கட்டும் என்று சொன்னதுதான். மறுநாளே மறந்தும் போனார்.

அவள் மறக்கவில்லை. அதன் பிறகு முப்பத்தைந்து வருடம், கல்யாண வீட்டில் பந்திக்கு எழுந்து போகும்போதுகூட யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தபடியே நடந்தாள்.

ஆசிரியர் பாட்டை மாற்றினார். வேகம் கூடியது.

யோசிக்க நேரமில்லை. கை தட்டியது. இடது கால் முன்னே போனது. திரும்பினாள். குனிந்தாள். நிமிர்ந்தபோது நாற்பது பேரும் அவளோடு நிமிர்ந்தார்கள்.

இன்னொரு சுற்று. தவறவில்லை.

இன்னொன்று.

மூச்சு வாங்கியது. இடுப்பு வலித்தது. வலிக்கட்டும் என்று விட்டாள். கால் மண்ணில் தொம்மென்று விழுந்தது. சரியாகத் தாளத்தின் மேலேயே விழுந்தது. இவ்வளவு கனமான உடம்பு தனக்கு இருப்பது அவளுக்கு முதல்முறையாகப் பிடித்திருந்தது. சிரிப்பு வந்தது. வாயை மூடாமல் சிரித்தாள். பாட்டு நின்ற பிறகும் அவள் கை ஒரு தடவை தட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உறைத்தது.

அந்த ஒரு மணி நேரத்தில் அவரை ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

நடையை எட்டிப் போட்டாள்.

சென்னியப்பன் கட்டிலில் கிடந்தார். கண் திறந்திருந்தது. போர்வை கீழே விழுந்து கிடந்தது. பக்கவாதம் விட்டுவைத்த இடது கை மட்டும் கதவைப் பார்த்து நீண்டிருந்தது.

தொட்டாள். சூடு இன்னும் முழுதாகப் போகவில்லை.

நோய் வந்த பிறகு அவருக்கு மிஞ்சியது ஒரே சொல். "ஏய்." தண்ணீருக்கும் அதுதான். வலிக்கும் அதுதான். அவளுக்கும் அதுதான்.

கூப்பிட்டிருப்பாரா?

எத்தனை தடவை?

எந்தச் சுற்றில்?

அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். கழுத்தில் வியர்வை காயவில்லை. நெஞ்சு இன்னும் அந்தப் பாட்டின் வேகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மரகதம் வந்தாள். பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் காதருகே குனிந்தாள்.

"அக்கா, கும்மிக்குப் போனத வெளிய சொல்லிப்போடாதீங்க. கோயிலுக்குப் போனம்னு சொல்லிக்கலாம். நம்ம சனம் உங்களச் சும்மா விடாது."

அவள் கீழே கிடந்த போர்வையை எடுத்து அவர் மேல் போர்த்தினாள்.

எட்டு மணிக்குள் வீடு நிறைந்தது. பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். பக்கத்து ஊரிலிருந்து சென்னியப்பனின் தம்பி வந்தான். அண்ணனின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"உசுரு போறப்ப பக்கத்துல ஆருமே இல்லீங்களா அண்ணி?"

"அக்கா கோயிலுக்கு…" என்று மரகதம் ஆரம்பித்தாள்.

"கும்மியாடப் போயிருந்தனுங்க" என்றாள் அவள்.

ஒப்பாரி நின்றது.

"என்ன சொல்றீங்க? எங்கண்ணன் இங்க தனியாக் கெடந்து சாகறாரு, நீங்க அங்க…"

அவனுக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை.

"ஆமாங்க. ஆடிட்டு இருந்தேன்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா ஆடுனேன்" என்றாள்.

வாசலோரம் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் எழுந்து வெளியே போனார்கள். யாரோ செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

அதன் பிறகுதான் அவள் அழுதாள். அவர் மார்பில் முகத்தை வைத்து, சத்தமாக, நெடுநேரம்.

தாங்கிப் பிடிக்க யாரும் வரவில்லை. மரகதம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.