பானைவாயன் திருந்தினான்

“பிள்ளைங்களைப் பயமுறுத்தித்தான் பத்திரிகை விக்கணுமா?”

பெற்றோர் சங்கத் தலைவர் அந்த வாரத்துச் சிறுவர் பத்திரிகையை மேசைமேல் போட்டார். நடுப்பக்கத்தில் பானைவாயன் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த ஓவியர் தன் பூதத்தைப் பரிதாபமாகப் பார்த்தார். பதினெட்டு வருஷமாக வாராவாரம் அவனை வரைகிறவர். அலுவலகத்தில் அவருக்கே ‘பூதம் சார்’ என்றுதான் பெயர். பானைவாயன் மாடிப்படிக்குக் கீழே குடியிருப்பவன். பிள்ளைகள் தொலைக்கிற ரப்பர்களையெல்லாம் தின்று வயிறு வளர்ப்பவன்.

“இவனுக்குப் பயந்துக்கிட்டு என் பையன் மாடிப்படியில நடக்கவே மாட்டேங்கிறான்,” என்றார் தலைவர்.

“அப்புறம் எப்படி சார் மாடிக்குப் போறான்?”

“ஒரே ஓட்டமா ஓடுறான்!”

“ஓடுறது உடம்புக்கு நல்லதுதானே?”

எடிட்டர் மேசைக்கடியில் ஓவியரின் காலை மிதித்தார். பத்திரிகையை மொத்தமாக வாங்குவது பள்ளிக்கூடங்கள்தான். அவற்றில் பெரிய பள்ளியின் தலைமையாசிரியை, தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார்.

அந்த அம்மாள் பேசும்போது குரல் உயரவே இல்லை. “நிறுத்தச் சொல்லலை சார். திருத்தத்தான் சொல்றோம். குழந்தைங்க மனசுல பயம்ங்கிறதே இருக்கக் கூடாது. எங்க பள்ளியோட கொள்கையே அதுதான். திருத்த முடியாதுன்னா, அந்தப் பக்கத்துல பொது அறிவுக் கேள்வி பதில் போட்டுக்கலாம்.”

ஓவியர் பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பானைவாயன் இருந்த இடத்தில் கேள்வி பதிலா?

“என்ன திருத்தணும், சொல்லுங்கம்மா.”

“முதல்ல அந்த நகம்.”

வெட்டினார்.

“வால் எதுக்கு?”

எடுத்தார்.

“முடியைக் கொஞ்சம் படிய வாரி விடுங்களேன்.”

எண்ணெய் தடவி, இடப்பக்கம் வகிடு எடுத்து வாரிவிட்டார்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் முகத்தைச் சுளித்தார். “சட்டையில்லாம நிக்கிறானே! பெண் பிள்ளைங்களும் படிக்கிற பத்திரிகை.”

முழுக்கைச் சட்டை வந்தது. கழுத்துப் பொத்தான்வரை போட்டாயிற்று.

“சிரிக்கிறப்ப வாயை இவ்வளவு திறக்கணுமா? உதடு பிரியாம, லேசாச் சிரிக்கட்டும்.”

பானை வாய் கோடு வாயானது.

“கை சும்மா இருந்தா யாரையோ பிடிக்க வர்ற மாதிரி இருக்கு. ஒரு நோட்டும் பேனாவும் குடுங்க. எழுதுற பழக்கம் வரட்டும்.”

கொடுத்தார். பேனாவுக்கு மை தீட்டும்போது சிவப்புதான் கைக்குக் கிடைத்தது.

“ரப்பர் திங்கிறது?” என்று ஈனக்குரலில் கேட்டார் ஓவியர். அது ஒன்றாவது மிஞ்சாதா என்ற ஆசை.

“ஐயையோ, கண்டதைத் திங்கிறதா?” என்றார் தலைமையாசிரியை. “ரப்பர் தொலைச்சவங்க பேரைக் குறிச்சுக்கிட்டுப் போகட்டும்.”

அன்று சாயங்காலம் படத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். அவர் மனைவி எட்டிப் பார்த்தாள்.

“யாருங்க இது? வீட்டுவரி கேக்க வந்தவரா?”

“பானைவாயன்டி.”

“அடப் பாவமே! நல்லா இருந்தவனை என்ன பண்ணி வச்சிருக்கீங்க?”

மறுநாள் ஓவியர் கொஞ்சம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டார். “மேடம், ஒரே ஒரு விண்ணப்பம். ரெண்டு படத்தையும் பிள்ளைங்ககிட்ட காட்டுவோம். அவங்களுக்குப் பயம் தராதவன் யாரோ, அவனைப் போடுவோம். பழையவனுக்குத்தான் பயப்படுறாங்கன்னா, நானே கிழிச்சுப் போட்டுடறேன்.”

“ரொம்ப நியாயம்,” என்றார் தலைமையாசிரியை.

இரண்டாம் வகுப்பு. முப்பத்திரண்டு பிள்ளைகள். பழைய பானைவாயனைக் கரும்பலகையில் மாட்டியதுதான் தாமதம், கூரை பிய்த்துக்கொண்டு போயிற்று.

“டேய் பானைவாயா, என் ரப்பரைக் குடுடா!”

“அவன் பல்லு விளக்கலை மிஸ்!”

ஒரு சிறுமி பெஞ்சுக்கடியில் புகுந்துகொண்டு கீச்சென்று கத்தினாள். “ஐயோ, பயம்மா இருக்கே! மிஸ், இன்னும் கிட்டக் கொண்டாங்க மிஸ்!”

தலைவரின் மகன் ஓடிப் போய்ப் படத்தின் தொப்பையில் கிச்சுகிச்சு மூட்டிவிட்டுத் திரும்பி ஓடி வந்தான். ஒரு தடவை அல்ல, நாலு தடவை. தலைவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு திருந்திய பானைவாயனை மாட்டினார்கள். அவன் நோட்டில் ‘ரப்பர் தொலைத்தவர்கள்’ என்று சிவப்பில் எழுதியிருந்தது.

சத்தம் சட்டென்று நின்றது. முப்பத்திரண்டு முதுகுகளும் நிமிர்ந்தன. கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன. பெஞ்சுக்கடியில் இருந்த சிறுமி சத்தமில்லாமல் வெளியே வந்து தன் இடத்தில் உட்கார்ந்து, வாயில் விரலை வைத்துக்கொண்டாள். கடைசி வரிசையில் ஒருவன் பையைத் திறந்து எதையோ அவசரமாகத் தேடினான்.

தலைவரின் மகன் எழுந்து நின்றான்.

“நான் இல்ல சார்... சத்தியமா நான் தொலைக்கல சார்...” என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, விசும்ப ஆரம்பித்தான்.

ஓவியருக்கு அந்தப் பிள்ளையைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பானைவாயன் பிழைத்துவிட்டான். புதுப் படத்தைக் கழற்றக் கரும்பலகைப் பக்கம் போனார்.

“பாத்தீங்களா மேடம்? யாருக்குப் பயப்படுறாங்கன்னு இனிமே நான் வேற சொல்லணுமா?”

தலைமையாசிரியை வகுப்பையே ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாம் வகுப்பில் மின்விசிறி சுற்றுகிற ஓசையை அவர் கேட்பது இதுதான் முதல் தடவை.

அடிமேல் அடி வைத்து வந்து ஓவியரின் கையைப் பிடித்துத் தடுத்தார்.

“கழற்றாதீங்க சார். இவரே இருக்கட்டும். இதே மாதிரி ஆளுயரத்துல, வகுப்புக்கு ஒண்ணா வரைஞ்சு குடுத்துடுங்க.”