விட்டுவைத்த சந்து

"முன்பல் ரெண்டுக்கும் நடுவுல கொஞ்சம் சந்து விட்டுடும்மா" என்றார் ஓய்வுபெற்ற இணை இயக்குநர் தணிகாசலம். எலும்பில் திருகிப் பொருத்தும் பல்தான் தன் தகுதிக்கு ஏற்றது, கழற்றி மாட்டுவதெல்லாம் குமாஸ்தாக்களுக்கு என்று அரைமணி நேரம் முழங்கிய மனிதர்தான்.

"எல்லாரும் சந்தை அடைக்கத்தான் வருவாங்க அங்கிள்" என்று இளம் பல் டாக்டர் சிரித்தாள்.

தணிகாசலமும் ஒருகாலத்தில் அடைத்தவர்தான். அதற்குமுன், அந்தச் சந்து வழியே வாசலில் நின்று அவர் விசிலடித்தால், மனைவி குமுதவல்லி ஈரக்கையோடு ஓடிவந்து கதவைத் திறப்பாள். பதவி உயர்வு வந்ததும், ஒரு அதிகாரி விசிலடிப்பதாவது என்று பல் சந்தை அடைத்து, வாசலில் அழைப்புமணியும் வைத்தார். அன்றிலிருந்து வேலைக்காரிதான் கதவைத் திறக்கிறாள்; குமுதவல்லி டிவி முன்னாலிருந்து எழுவதில்லை.

புதுப்பல்லோடு வீடு வந்தவர் மணியை அழுத்தவில்லை. உதட்டைக் குவித்து ஊதினார். வெறும் காற்றுதான் வந்தது.

எதிர்வீட்டு வக்கீல் எட்டிப்பார்த்தார். "என்ன சார், கரண்ட் இல்லையா?"

"இருக்கு, இருக்கு. நீங்க உள்ள போங்க."

மறுபடி ஊதினார். மெலிதாக, தேய்ந்துபோன ஒரு சத்தம் கிளம்பியது.

உள்ளே டிவியின் சத்தம் குறைந்தது.