நாலாவது சைக்கிள்

“எவன்யா என் சைக்கிளைப் படம் புடிச்சுப் போட்டது?”

சைக்கிள் கடை வாசலில் நின்றிருந்த ஆறு பேரும் திரும்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாற்பது கிலோமீட்டர் மிதித்துவிட்டு வந்து, ஊரில் ஓடும் மற்ற சைக்கிள்களை எல்லாம் கிண்டலடிப்பதுதான் அவர்கள் வேலை. அதைப் படத்தோடு இணையத்திலும் போடுவார்கள். அப்படி ஒரு கொழுப்பு.

கேட்டவள் நர்ஸ். பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். அதைப் பார்த்ததுமே ஆறு பேருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

சீட்டுக்குக் கிழிந்த சாக்கு. ஹேண்டில்பார் முழுக்கத் துருப்பிடித்த கம்பிச் சுற்று. மட்கார்டுக்குப் பதில் அறுத்த பிளாஸ்டிக் வாளி. உடம்பெல்லாம் சேற்று நிறத்தில் ஏதோ ஒரு பூச்சு.

“நான்தான் போட்டேன் சிஸ்டர்,” என்றார் கேப்டன். கூட்டத்துக்குத் தலைவர் என்பதால் அந்தப் பெயர். “‘இலவசமாக் குடுத்தாலும் எவனும் தொடமாட்டான்’னு எழுதியிருந்தேன். பத்தாயிரம் பேர் சிரிச்சிருக்காங்க.”

“ஆஸ்பத்திரி ஸ்டாண்டுக்குள்ள பூந்து படம் எடுக்க உங்களுக்கு யார்யா அதிகாரம் குடுத்தது? எடுங்க. இப்பவே எடுங்க!”

“சிரிச்சா என்ன குறைஞ்சு போச்சு?”

“என் வேலை போயிடும்யா! இந்த வருஷம் மூணு தடவை டூட்டிக்கு லேட்டாப் போயிருக்கேன். இன்னொரு தடவை ஆச்சுன்னா சீட்டைக் கிழிச்சிடுவேன்னு மேட்ரன் சொல்லிட்டாங்க. எனக்குன்னு இருக்கிறது இந்தச் சைக்கிள் ஒண்ணுதான். வேடிக்கை பார்க்க வர்றவன் எல்லாம் அதை நோண்டினா நான் எங்க போவேன்?”

கேப்டனுக்கும் சுர்ரென்று ஏறியது. அசிங்கமான சைக்கிளைப் பார்த்தாலே அவருக்கு உடம்பு எரியும். “லேட்டாகாம என்ன ஆகும்? வண்டியா இது? இதை மிதிச்சா நடந்து போறவன்கூட முந்திப் போயிடுவான்!”

பஞ்சர் பார்க்கக் குனிந்த மெக்கானிக், செயினைத் தொட்டுப் பார்த்தார். “இல்ல சார், உள்ள சாமான் எல்லாம் நல்லா...”

“அண்ணே, பஞ்சரை மட்டும் பாருங்க!” நர்ஸ் வெடுக்கென்று அவர் வாயை அடைத்தாள். “வேற எதையும் தொடாதீங்க. ரெண்டு மணிக்கு டூட்டி. ஒண்ணரைக்கு வந்து எடுத்துக்கிறேன்.”

கேப்டன் முணுமுணுத்துக்கொண்டே படத்தை நீக்கினார். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவள் நகர்ந்தாள்.

மெக்கானிக் பஞ்சர் ஒட்டி முடித்து, ஆறு பேரிடமும் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். ஆறு பேரில் ஒருவரான பல் டாக்டருக்கு மனசு உறுத்தியது. “பாவம்யா. வேலையே போயிடும்ங்கிறாங்க. நாம சிரிச்சது தப்பு.”

“சிரிச்சது தப்புன்னா சரி பண்ணிடுவோம்,” என்றார் கேப்டன். “வண்டி ஒழுங்கா இருந்தா ஏன் லேட்டாகப் போறாங்க?”

“தொடாதீங்கன்னு சொன்னாங்களே?”

“அது கூச்சம்யா. யாராவது வாயைத் திறந்து கேப்பாங்களா? பிடி அந்தச் சாக்கை!”

சாக்கைப் பிய்த்தார்கள். கம்பியை அறுத்தார்கள். வாளியைத் தூக்கி எறிந்தார்கள். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து ஆறு பேரும் மாறி மாறித் தேய்த்தார்கள். சேற்று நிறம் போகப் போக, உள்ளே கீறல்கூட விழாத நீல வண்ணம் எட்டிப் பார்த்தது.

“அடப்பாவமே, இவ்வளவு நல்ல வண்டியை இந்தக் கதிக்கு ஆளாக்கி வெச்சிருக்காங்களே!” கேப்டன் கொதித்தார். “இவங்களை எல்லாம் என்ன பண்றது?” தன் சைக்கிளுக்கென்று வாங்கி வைத்திருந்த புது சீட்டையும் கோபத்தோடு கோபமாக எடுத்து மாட்டிவிட்டார்.

ஒரு மணிக்கெல்லாம் சைக்கிள், ஷோரூம் கண்ணாடிக்குள் வைத்தது போல மின்னியது. கேப்டன் நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து, கையோடு இணையத்திலும் போட்டார்.

ஒன்றரைக்கு நர்ஸ் வந்தாள். வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“எப்படி இருக்கு சிஸ்டர்? இனிமே லேட்டாகவே ஆகாது!” கேப்டனுக்கு வாயெல்லாம் பல்.

நர்ஸின் கைப்பை தரையில் விழுந்தது.

“உங்களை யார்யா தொடச் சொன்னது?” கத்தினாள். “சைக்கிள் மெதுவாப் போயா நான் லேட்டானேன்? அந்த ஸ்டாண்டுல பூட்டி வெச்சும் என் சைக்கிள் மூணு திருடு போயிருக்கு. மூணும் இதே மாதிரி பளபளன்னு இருந்தது. ஒவ்வொரு தடவையும் மறுநாள் நடந்து போய்த்தான்யா லேட்டானேன். இந்த நாலாவதையாவது எவனும் தொடக் கூடாதுன்னு ஒரு வாரம் உட்கார்ந்து, பார்த்துப் பார்த்து அசிங்கப்படுத்தி வெச்சிருந்தேன்!”

பல் டாக்டர் மெல்லக் கேப்டன் பக்கம் திரும்பினார்.

“கேப்டன்... புதுப் படத்துக்குக் கீழ என்ன எழுதிப் போட்டீங்க?”

கேப்டன் செல்போனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“‘தினமும் ரெண்டு மணிக்கு மேல, ஆஸ்பத்திரி பின்வாசல் ஸ்டாண்டுல நேர்லயே வந்து பார்க்கலாம்’னு.”