முன்சக்கரத்துப் பட்டை

இறந்துபோன புருஷனின் டாக்ஸியை விற்றுவிடச் சொன்ன கொழுந்தன் பேச்சை அய்யம்மாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. டிரைவர் வைத்துப் பழனிக்கு ஓட்டுவதென்று முடிவு கட்டினாள். திண்டுக்கல்லில் பெயிண்டர் சுருளிவேலின் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோய்ச் சக்கரங்களைக் கழற்றச் சொன்னாள்.

“பழசு எதுவும் இருக்கக் கூடாதுண்ணே. இரும்பு தெரியுற மட்டும் சுரண்டுங்க.”

சுருளிவேல் முன்சக்கரத்தில் காஸ்டிக் சோடாவை ஊற்றித் தகட்டால் சுரண்டினார். பச்சை பெயிண்ட் உரிந்ததும் அடியில் விபூதிப் பட்டை தெரிந்தது. நடுக்கோடு மட்டும் இல்லை. அவள் புருஷன் சோலைமுத்துவுக்கு நடுவிரல் பாதிதான். இதே காரின் அடியில் ஜாக்கி நழுவியதில் மீதி விரல் நசுங்கிப் போனது. ஆயுத பூஜைக்குப் பூசியதைத் துடைக்காமலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்று சுருளிவேல் நினைத்துக்கொண்டார்.

கறுப்பு பெயிண்டுக்கு அடியிலும் அதே பட்டை இருந்தது. அதற்கும் கீழே இருந்த பழுப்பு, கார் புதிதாக வந்தபோது கம்பெனியில் அடித்தது. சோலைமுத்து காரை ஒரு மில் முதலாளியிடம் வாங்கியதே பல வருஷம் கழித்துத்தான். பழுப்பையும் சுரண்டினார். வெறும் இரும்பில் அதே பட்டை, நடுக்கோடு இல்லாமல்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, வெயிலில் சாய்த்து வைத்தார். மத்தியானம் அய்யம்மாள் வந்து பார்த்தாள். காயாத சிவப்பின் மேல் பட்டை வெள்ளையாக இருந்தது.

“நான் தொடவே இல்ல தாயி,” என்றார் சுருளிவேல்.

அவள் கழற்றி வைத்திருந்த நட்டுகளை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“அவுக பட்டை போட்டுட்டாகன்னா வண்டி கிளம்பப் போகுதுன்னு அர்த்தம்ணே. சக்கரத்தை மாட்டுங்க.”